செராமிக் கோட்டிங்குக்குக் கொடுக்கும் காசு எங்கே போகிறது?

புது கார் புக் செய்தவரிடம் ஷோரூமில் இன்சூரன்ஸ், எக்ஸ்டென்டட் வாரண்டி எல்லாம் பேசி முடித்தபிறகு, கடைசியாக ஒரு கேள்வி வரும்: "செராமிக் போட்டுடலாமா சார்?" பெயிண்டின்மேல் பூசி இறுகவிடும் சிலிக்கா வகைத் திரவப் பூச்சு அது. ஹேட்ச்பேக் என்றால் 15,000 முதல் 25,000 ரூபாய், எஸ்யூவி என்றால் 25,000 முதல் 45,000 ரூபாய் என்று சொல்வார்கள். பத்து லட்சம் போடுகிற இடத்தில் இன்னொரு இருபதாயிரம் பெரிதாகத் தெரியாது. தலையாட்டிவிடுகிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தொகையில் பெரும்பங்கு பாட்டிலில் இருக்கும் மருந்துக்குப் போவதில்லை, அதற்கு முன் நடக்க வேண்டிய பாலிஷ் வேலைக்குப் போகிறது. அந்த வேலை ஒழுங்காக நடந்து, பிறகு காரைக் கழுவும் முறையும் மாறினால் கொடுத்த காசு வீண் இல்லை. தினமும் காலையில் ஒரே பக்கெட், ஒரே துணியோடு ஒருவர் வந்து துடைத்துவிட்டுப் போவது தொடருமானால், செராமிக் போட வேண்டாம்.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். கம்பெனியில் அடித்த பெயிண்ட், பிரைமரிலிருந்து கிளியர் கோட் வரை எல்லாம் சேர்த்துப் பொதுவாக 90 முதல் 130 மைக்ரான்தான் இருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். மேலே பளபளக்கும் கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். செராமிக் கோட்டிங் அதன்மேல் உட்கார்வது ஒரு மைக்ரான், மிஞ்சினால் இரண்டு. "மூணு லேயர் போடுறோம் சார்" என்றாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

இப்போது 9எச் கதை. விளம்பரத்தில் வைரத்துக்கு அடுத்த கடினம் என்கிற மாதிரி பேசுவார்கள். 9எச் என்பது பென்சில் அளவுகோல். ஐஎஸ்ஓ 15184 என்ற சோதனையில், 45 டிகிரி சாய்வில், 750 கிராம் எடையோடு பென்சிலைப் பரப்பின்மேல் தள்ளுவார்கள். 9பி முதல் 9எச் வரை பென்சில்கள் உண்டு. கடைசிப் பென்சிலும் கீறவில்லை என்றால் 9எச். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. நம் ரோட்டுப் புழுதியில் இருப்பது குவார்ட்ஸ் மணல், கனிமங்களுக்கான மோஸ் அளவில் அதன் கடினம் 7. கண்ணாடியையே கீறும். அதை ஈரத்துணியில் வைத்து அழுத்தித் தேய்த்தால் ஒரு மைக்ரான் படலம் தடுக்கப்போவதில்லை. துணி லேசாக உரசும்போது வரும் மிக மெல்லிய கோடுகளை ஓரளவு குறைக்கும், அவ்வளவுதான். சாவிக் கீறல், பைக் ஹேண்டில் உரசல், லாரி டயர் தெறிக்கும் ஜல்லி, இவை எதையும் தடுக்காது. நெடுஞ்சாலையில் நிறைய ஓடுகிறவருக்கு முன்பக்க பம்பர், பானெட், சைடு மிரர்கள், ஹெட்லைட் இவற்றுக்கு மட்டும் பிபிஎஃப் என்கிற பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுவது அதைவிட உருப்படியான செலவு. அது 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள ஃபிலிம், கல்லடியை உண்மையாகவே வாங்கிக்கொள்ளும். ஒட்டுவதற்கு முன் அது டிபியு (இழுபடும் பாலியுரித்தேன் வகை) தானா என்று கேளுங்கள். விலை மலிவாக இருந்தால் பெரும்பாலும் பிவிசி, வெயிலில் மஞ்சளாகிவிடும்.

அப்படியானால் கோட்டிங் எதைச் செய்கிறது? பரப்பைத் தண்ணீர் ஒட்டாததாக மாற்றுகிறது. அழுக்கு பிடித்துக்கொள்ளும் வலு குறைகிறது, கழுவும் நேரமும் குறைகிறது. காரமான ஷாம்பு, பூச்சி எச்சம், காக்கா எச்சம், தூங்குமூஞ்சி மரத்திலிருந்து சொட்டும் பிசுபிசுப்பு இவை கிளியர் கோட்டைத் தொடுவதற்கு முன் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது. அவகாசம்தான், விலக்கு இல்லை. மதிய வெயிலில் கறுப்பு பானெட் 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் கிளியர் கோட் இளகி விரிந்திருக்கும். எச்சம் காய்ந்து சுருங்கும்போது பெயிண்டையும் சேர்த்து இழுத்துத் தழும்பாக்கிவிடும். கோட்டிங் போட்ட காரிலும் எச்சத்தை அன்றே எடுக்க வேண்டும். ஒரு டிஷ்யூவை நனைத்து அதன்மேல் போட்டு ஐந்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் அள்ளி எடுங்கள். எச்சத்தில் தானியத் தோலும் மணலும் இருக்கும், தேய்த்தால் கோடு விழும்.

சென்னை மாதிரி ஊர்களில் கோட்டிங் போட்டவர்களுக்கு வரும் பெரிய தலைவலி வேறு: உப்புக்கறை. ஒட்டாத பரப்பில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். பார்க்க அழகு. ஆனால் அந்த முத்து வெயிலில் காய்ந்தால் அதிலிருந்த உப்பு முழுவதும் ஒரே புள்ளியில் படிந்து வட்டக் கறையாகும். கோட்டிங் இல்லாத காரில் அதே தண்ணீர் பரவிக் காய்ந்து மங்கலாகத் தெரியும், இதில் புள்ளி புள்ளியாகப் பளிச்சென்று தெரியும். கணக்கு எளிது. டிடிஎஸ் (ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) 1,000 உள்ள போர் தண்ணீர் ஒரு லிட்டர் காய்ந்தால் ஒரு கிராம் உப்பு மிஞ்சும். கழுவி முடித்துத் துடைக்காமல் அரை லிட்டர் கார்மேல் காய்ந்தால், ஒவ்வொரு கழுவலுக்கும் அரை கிராம். குடிநீருக்கே 500க்குள் இருப்பது நல்லது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. கடலோரப் பகுதி போர்களில் 1,000ஐத் தாண்டுவது சர்வசாதாரணம்.

ஆகவே கோட்டிங் போடுவதற்கு முன் சில நூறு ரூபாய்க்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி, வீட்டில் கார் கழுவும் தண்ணீரை அளந்து பாருங்கள். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் காருக்கு ஊற்றுகிறவர்கள் நிறைய பேர். நல்ல எண்ணம்தான், ஆனால் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வீட்டு வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், காருக்கு வேண்டாம். மாறாக, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, உப்பு மிகக் குறைவு. ஒரு குடத்தில் பிடித்து, துணியால் வடிகட்டி, கடைசியாக அலசுவதற்கு ஊற்றினால் கறை பெருமளவு குறையும். எந்தத் தண்ணீரானாலும் நிழலில் கழுவி, காய்வதற்குள் பெரிய மைக்ரோஃபைபர் டவலால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். புதிதாக விழுந்த கறைக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்து எடுத்து நன்றாக அலசலாம். வாரக்கணக்கில் வெந்த கறை கோட்டிங்குக்குள்ளேயே அரித்து இறங்கியிருக்கும். அதைப் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும், அந்த இடத்தில் கோட்டிங்கும் சேர்ந்தே போகும்.

சரி, இருபதாயிரத்துக்கு என்ன வேலை நடக்க வேண்டும்?

கார் உள்ளே வந்ததும் பிரஷர் வாட்டரில் புழுதியை இறக்கி, ஷாம்பு வாஷ். பிறகு இரும்புத்துகளை நீக்கும் திரவம். பிரேக்கிலிருந்தும், ரயிலில் வந்த காராக இருந்தால் தண்டவாளத்திலிருந்தும் நுண்ணிய இரும்புத் தூள் பெயிண்டில் குத்தி நிற்கும். தெளித்து இரண்டு மூன்று நிமிடத்தில் ஊதா நிறத்தில் வழியும், வெள்ளைக் காரில் நன்றாகவே தெரியும். காய விடாமல் அலச வேண்டும். அடுத்து தார் புள்ளிகளை எடுப்பது, அதன்பின் கிளே பார், அதாவது பெயிண்டில் ஒட்டிய துகள்களை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கட்டி. கிளே தேவையா என்று நீங்களே பார்க்கலாம். கழுவிய பானெட்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு, அழுத்தாமல் விரல்களை ஓட்டிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழவென்று இருந்த இடம் கவர் வழியாகச் சொரசொரவென்று மணல்தாள் மாதிரி உணரும். கிளே போட்டபின் அதே இடத்தில் கவர் சத்தமே இல்லாமல் வழுக்கும்.

பிறகு பெயிண்ட் தடிமன் அளக்க வேண்டும். ஒவ்வொரு பேனலிலும் நான்கைந்து இடம். சுற்றிலும் 110 காட்டி ஒரு கதவு மட்டும் 220 காட்டினால் அது மறு பெயிண்ட் அடித்தது. 500ஐத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்கிறது என்று அர்த்தம். புது காரிலும் இதைப் பாருங்கள், ஸ்டாக் யார்டில் இடிபட்டுச் சரிசெய்த கார்கள் உண்டு. புதிதாக மறு பெயிண்ட் அடித்த பேனலுக்குக் குறைந்தது 30 நாள் கழித்துத்தான் கோட்டிங் போட வேண்டும். உள்ளிருக்கும் கரைப்பான் ஆவியாகி வெளியேற வழி வேண்டும். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் காட்டாது.

இதன்பின்தான் உண்மையான செலவு: பாலிஷ். பளிச்சென்ற எல்இடி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் சிலந்திவலை போல வட்ட வட்டக் கோடுகள் தெரியும். கம்பவுண்ட் (தேய்த்துச் சமன்செய்யும் பாலிஷ் பசை) போட்டு அவற்றை எடுக்கும்போது கிளியர் கோட்டில் இரண்டு மூன்று மைக்ரான், ஆழமான கீறலானால் அதற்கும் மேல் குறையும். அதனால்தான் அளக்காமல் ஆரம்பிக்கக் கூடாது, ஆண்டுதோறும் கம்பவுண்ட் போடவும் கூடாது. அடர்நிற எஸ்யூவியை இரண்டு கட்டமாகப் பாலிஷ் செய்ய ஓர் ஆளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் விட்டு மாலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கடை சொன்னால், இந்த இடத்தில்தான் வெட்டியிருக்கிறார்கள்.

எப்படி வெட்டுவார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கம்பவுண்டில் எண்ணெய் இருக்கும், அது கீறல் குழிகளை நிரப்பிக் கண்ணுக்கு மறைக்கும். அதன்மேல் அப்படியே கோட்டிங் பூசினால் டெலிவரி அன்று கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் கோட்டிங் எண்ணெயின்மேல் உட்கார்ந்திருக்கிறது, பெயிண்டைப் பிடிக்கவில்லை. இரண்டு மூன்று மாதத்தில் கோடுகள் திரும்பி வரும், தண்ணீரும் முத்தாக நிற்காது. இதைத் தவிர்க்க ஒரே வழி, பாலிஷ் முடிந்ததும் ஒவ்வொரு பேனலையும் தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெயை எடுப்பது. வேலை பேசும்போதே சொல்லிவிடுங்கள்: "ஆல்கஹால் துடைத்த பிறகு, கோட்டிங் போடுவதற்கு முன் கூப்பிடுங்கள், வந்து பார்க்கிறேன்." வேலை தெரிந்த கடைக்காரர் சந்தோஷமாகக் கூப்பிடுவார். தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

பூசுவது கடைசி இரண்டு மூன்று மணி நேர வேலை. இரண்டடிக்கு இரண்டடி பகுதியாக, குறுக்கும் நெடுக்கும் பூசி, வானவில் நிறம் தெரிய ஆரம்பித்ததும் மைக்ரோஃபைபர் துணியால் சமன்செய்து துடைக்க வேண்டும். இந்தத் திரவம் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து இறுகுவது. பாட்டில் மேல் இரண்டு மூன்று நிமிடம் என்று போட்டிருந்தாலும் நம் ஊர்ப் புழுக்கத்தில் பல மருந்துகளுக்கு 30 முதல் 60 வினாடிதான் அவகாசம். தாமதித்தால் எண்ணெய்த் திட்டு மாதிரிக் கருமையாக நிற்கும். உடனே கவனித்தால் அதே மருந்தை மறுபடி பூசித் துடைத்து எடுத்துவிடலாம், மறுநாள் ஆகிவிட்டால் பாலிஷ்தான். அதனால் டெலிவரி எடுக்கும்போது காரை வெயிலில் நிறுத்தி, ரூஃப், கதவின் கீழ்ப்பகுதி, டிக்கி ஓரம் எல்லாம் சாய்வாகப் பாருங்கள். திட்டுகள் ஒளிந்திருப்பது அங்கெல்லாம்தான். கடையின் டியூப்லைட்டில் அவை தெரியாது. எடுத்தபின் முதல் நாள் தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரம் ஷாம்பு கூடாது. மழைக்காலத்தில் மூடிய பார்க்கிங் இல்லாதவர்கள் வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது.

ஷோரூமில் போடலாமா? சில இடங்களில் நன்றாகச் செய்கிறார்கள். பல இடங்களில் டெலிவரிக்கு முந்தைய மாலை, வாட்டர் வாஷ் பக்கத்தில், பாலிஷ் இல்லாமல் பூசுவதுதான் நடைமுறை. புது காருக்கு எதற்குப் பாலிஷ் என்பார்கள். யார்டில் மாதக்கணக்கில் நின்று, பல தடவை அழுக்குத் துணியால் துடைக்கப்பட்ட கார் அது. வெளியில் போடுவதாக முடிவு செய்தால் ஷோரூமில் "டெலிவரிக்குக் கழுவ வேண்டாம், அப்படியே கொடுங்கள்" என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். டெஃப்லான் கோட்டிங் என்று 4,000, 5,000க்குச் சொல்வதை யோசிக்காமல் தவிர்க்கலாம். டெஃப்லான் உருகவே 327 டிகிரி வேண்டும். கார் பெயிண்ட் அந்தச் சூட்டைத் தாங்காது. அங்கே நடப்பது ஒரு சாதாரண மெழுகு பாலிஷ், சில மாதங்களில் போய்விடும். கிராஃபீன் என்று கூடுதலாகக் கேட்பதும் பெரும்பாலும் அதே சிலிக்கா வகை மருந்தில் கொஞ்சம் கிராஃபீன் ஆக்சைடு கலந்தது. அதற்காகப் பத்தாயிரம் அதிகம் கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஐந்து வருட வாரண்டி அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். மெல்லிய கீறல், உப்புக்கறை, பறவை எச்சம், கல்லடி, விபத்து எல்லாம் விலக்கு. மிஞ்சுவது பெயிண்ட் வெளுத்துப்போனால், பளபளப்பு போனால் என்பது. நல்ல கிளியர் கோட் எந்தக் கோட்டிங்கும் இல்லாமலேயே ஐந்து வருடத்தில் வெளுக்காது. அதோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை காசு கொடுத்து மெயின்டனன்ஸ் செய்யாவிட்டால் அட்டை செல்லாது. நடைமுறையில் நன்றாகப் போட்ட கோட்டிங், நல்ல கையில் இரண்டு மூன்று வருடம் வேலை செய்யும். அந்தக் கணக்கில் யோசிப்பதே சரி.

உதாரணமாக ஒரு காம்பேக்ட் காருக்கு 22,000 என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 25,960. ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2,000 வீதம் மெயின்டனன்ஸ், மூன்று வருடத்துக்கு 12,000. மொத்தம் 38,000 பக்கம். இன்னொரு வழி: தொடக்கத்தில் 6,000க்கு ஒரு நல்ல பாலிஷ், வருடத்துக்கு 1,200 ரூபாய்க்கு ஒரு ஸ்பிரே சீலன்ட் (தெளித்துத் துடைக்கும் பாதுகாப்புப் பூச்சு) பாட்டில், ஷாம்பு, மைக்ரோஃபைபர் துணிகள், இரண்டு பக்கெட் என மூன்று வருடத்துக்கு ஒரு 6,000. மொத்தம் 15,600. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை கழுவி முடித்தபின் சீலன்ட்டைத் தெளித்துத் துடைக்கும் அரை மணி நேரம் உங்களுடையது. பளபளப்பில் இரண்டுக்கும் இடையே பத்தடி தூரத்திலிருந்து வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். செராமிக் உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தருவது இந்த அரை மணி நேரத்தையும், பெயிண்டை அரிக்கும் அழுக்குக்கு எதிராகக் கொஞ்சம் கூடுதல் பாதுகாப்பையும்.

கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு கார், மூடிய பார்க்கிங், தானே கழுவும் பழக்கம், ஐந்தாறு வருடம் வைத்துக்கொள்ளும் எண்ணம் இருப்பவர் தாராளமாகப் போடலாம். வெள்ளை அல்லது சில்வர் கார், தெருவில் நிறுத்தம், மூன்று வருடத்தில் மாற்றும் திட்டம் என்றால் சீலன்ட்டே போதும். யாராக இருந்தாலும் அலாய் வீலுக்கு மட்டும் கோட்டிங் போடுவது கையைக் கடிக்காத செலவு. பிரேக் தூள் சூட்டில் வெந்து ஒட்டாமல் தண்ணீரிலேயே கழன்று வரும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: துரு பிடிப்பது அடிப்பகுதியிலும் கதவு மடிப்பிலும். மேலே பூசும் எந்தக் கோட்டிங்கும் அங்கே எட்டாது, அடிப்பகுதிக்குத் தனியாக ஆன்டி ரஸ்ட் அடிக்க வேண்டும்.

கழுவும் ஆளை மாற்ற முடியாத அபார்ட்மென்ட்களில், அவரிடம் பேசினாலே நிறைய மாறும். "அண்ணா, தினமும் துடைக்க வேண்டாம், கண்ணாடி மட்டும் போதும். வாரம் ஒரு தடவை நிறைய தண்ணீர் ஊற்றிக் கழுவுங்க, துணி நான் தர்றேன்" என்று சொல்லி, மாதச் சம்பளத்தை அப்படியே கொடுங்கள். அவர் ஒரு காலையில் இருபது கார் பார்க்க வேண்டியவர். ஒரே பக்கெட் தண்ணீர் பத்தாவது காருக்கு வரும்போது சேறாக இருப்பது அவர் தவறில்லை. புழுதிமேல் பாடி கவர் போடுவதும் இதே சேதத்தைச் செய்யும். காற்றில் கவர் ஆட ஆட உள்ளே மணல் தேய்க்கும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம், விபூதி காய்ந்தபின் வறட்டுத் துணியால் துடைக்காதீர்கள். தண்ணீர் தெளித்து இளக்கிவிட்டு வழித்து எடுங்கள். பானெட்டில் தெறித்த எலுமிச்சைச் சாற்றை அப்போதே கழுவிவிடுங்கள்.

நீங்களே போட நினைத்தால், கார் புதிதாகவும் பெயிண்ட் நன்றாகவும் இருந்தால் முடியாத காரியமில்லை. ஹேட்ச்பேக்குக்கு ஒரு கோட் போட 30 மில்லி பாட்டில் போதும். மாலை வேளை, நிழல், கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும் பேனல். முதல் தடவை அப்ளிகேட்டரில் எட்டுப் பத்துச் சொட்டு, அடுத்தடுத்து ஐந்தாறு. துடைக்க ஆறேழு துணியாவது தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துணியும் சீக்கிரம் நனைந்து, திட்டை நீக்குவதற்குப் பதில் பரப்ப ஆரம்பிக்கும். பயன்படுத்திய துணியைத் துவைத்து வைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள். அதில் இறுகிய மருந்து படிகமாகி அடுத்த தடவை கோடு போடும், குப்பையில் போட்டுவிடுங்கள். பாட்டிலைத் திறந்துவிட்டால் மிச்சம் வைக்கவும் முடியாது, சில நாட்களிலேயே உள்ளே கெட்டியாகிவிடும். மிஞ்சியதை அன்றே வீல்களில் பூசிவிடலாம்.

ஒரு வருடம் கழித்துத் தண்ணீர் முன்போல முத்தாக நிற்கவில்லை என்றால் கோட்டிங் போய்விட்டது என்று அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் மேலே உப்பும் புகையும் படிந்து அடைத்திருக்கும். மறுபடி கோட்டிங் போட வேண்டும் என்று கடையில் எஸ்டிமேட் கொடுத்தால், முதலில் ஒரு கதவில் மட்டும் இரும்புத்துகளை நீக்கும் திரவத்தை அடித்து அலசி, பிறகு நீர்த்த வினிகரால் துடைத்து மீண்டும் அலசிப் பாருங்கள். அந்தக் கதவில் மட்டும் முத்து திரும்பி வந்தால், மீதிக் காருக்கும் தேவைப்படுவது அதே கழுவல்தான்.